மாடி வீட்டு உரல்

காளவாசலில் இப்போது நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டுக்கு வந்த முதல் நாள், பால் காய்ச்சி முடித்த கையோடு ஹவுஸ் ஓனர் எங்களை ஒவ்வோர் அறையாக அழைத்துப்போய் ஆணிகளைக் காட்டினார். ஹாலில் ஒன்று, அது காலண்டருக்கு. சமையலறையில் ஒன்று, அது கரண்டி மாட்டுவதற்கு. படுக்கையறையில் இருந்த மூன்றாவதைக் காட்டி, “இது உங்க இஷ்டம்மா, என்ன வேணாலும் மாட்டிக்கங்க” என்று தாராள மனசோடு விட்டுக்கொடுத்தார். பிறகு வாசலில் நின்று முடிவாகச் சொன்னார்.

“நாலாவது ஆணின்னு ஒண்ணு இந்த வீட்ல கிடையாது. இனிமேலும் வராது.”

அவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார், கீழ்வீட்டில் தனியாக இருக்கிறார். தெருவே அவரை சார் என்றுதான் கூப்பிடும், நாங்களும் அப்படித்தான். சுவர்களுக்கு அவரே நின்று பெயின்ட் அடித்திருந்தார். அதனால் ஆணி என்ற சொல்லை அவர் உச்சரிக்கும்போது மற்றவர்கள் திருடன் என்று சொல்வதுபோல் இருக்கும். என் கணவர் பெஞ்சு மேல் ஏற்றி நிற்கவைக்கப்பட்ட பையனைப்போல் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

எனக்கு அந்த வீட்டைப் பார்த்த நிமிஷமே பிடித்துவிட்டது. குழாயைத் திறந்தால் உப்புக் கரிக்காத தண்ணீர். சமையலறை ஜன்னலைத் திறந்தால் மேற்கேயிருந்து காற்று. மகளின் பள்ளிக்கூட மணி வீட்டிலேயே கேட்கும், மணி அடித்த பிறகு ஜடை பின்னினாலும் போய்ச் சேர்ந்துவிடுவாள். மதுரையில் இந்த மூன்றும் ஒரே வாடகையில் கிடைப்பதாக இருந்தால் ஆணியே வேண்டாம், துணியைத் தலையில் சுமந்துகொண்டு நிற்கிறேன் என்று நினைத்தேன்.

நினைக்கக் காரணம் இருந்தது. இதற்கு முன் இரண்டு வீடுகளை நாங்கள் காலி செய்திருந்தோம், இரண்டும் ஒரே குற்றத்துக்காக. என் கணவருக்குக் குடிப்பழக்கம் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. சத்தம் மட்டும்தான். டூவீலர் ஷோரூமில் சர்வீஸ் பிரிவில் வேலை. பகல் முழுக்க வண்டிகளை உறும விட்டுக் கேட்டுவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதைவிடப் பெரிய சத்தத்தைக் கேட்டால்தான் மனுஷனுக்கு அசதி போகும். கல்யாணத்துக்கு முன்னாலேயே சொல்லிச் செய்த ஆம்ப்ளிஃபயர் ஒன்று வைத்திருந்தார். அதோடு பீரோ உயரத்தில் இரண்டு பெட்டிகள். அவனியாபுரத்தில் இருந்தபோது தலைக்கு மேலே விமானம் இறங்கும், ஜன்னல் கண்ணாடி அதிரும், அதற்கு ஒரு வார்த்தை சொல்லாத ஹவுஸ் ஓனர் எங்களைத்தான் சத்தம் தாங்கவில்லை என்று காலி பண்ணச் சொன்னார். விமானத்தோடு போட்டியிட்டு ஜெயித்த குடும்பம் எங்களுடையது.

காளவாசலுக்கு வரும் முன்னால் அந்தப் பெட்டிகளை விற்றுவிட்டார். என் தலையில் அடித்துச் சத்தியமும் செய்தார். இந்த வீட்டுக்குப் பதினோரு மாத அக்ரிமெண்ட். அது முடியும்போது புதுப்பிப்பதா, வேறு வீடு பாருங்கள் என்பதா என்பது சாரின் கையில். இந்த ஒரு வீடாவது நிலைக்க வேண்டும் என்று பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டேன், சார் போகும் கிறிஸ்தவக் கோயிலிலும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவைத்தேன்.

கொஞ்ச மாதம் வீடு அமைதியாக இருந்தது. பிறகு பங்குனியில் ஒரு நாள் என் கணவர் போனை நீட்டினார். அதில் ஒரு கறுப்புப் பட்டையும், இரண்டு குட்டிப் பெட்டிகளும், ஒரு கனத்த பெட்டியும் இருந்தன.

“இந்தா பாரு. சவுண்ட்பார் இது. இந்தக் குட்டி ரெண்டும் நமக்குப் பின்னால இருந்து சத்தம் குடுக்கும். பெருசு அடிச் சத்தத்துக்கு, ஊஃபர். ஒண்ணுக்கொண்ணு வயரே கிடையாது. தனித்தனியாக் கழத்தி வச்சுக்கலாம். சுவத்துல ஆணி அடிக்க வேணாம். சார் போட்ட ரூல்ல ஒண்ணக்கூட மீறல.”

“சத்தம்?”

“சத்தத்தப் பத்தி அவரு ரூலே போடலையே.”

கோர்ட்டில் இருக்க வேண்டிய மனுஷன் ஸ்பானரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் கத்தினேன், இரண்டு நாள் பேசாமல் இருந்தேன், மூன்றாம் நாள் அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் சரி என்றேன். சரி என்று சொன்னதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. கடத்தலுக்கும் உடந்தையானேன்.

கடத்தல்தான். சார் காலையும் மாலையும் கேட்டுக்குப் பக்கத்தில் முருங்கை மரத்தடியில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பார். மாடிக்குப் போகிற ஒவ்வொன்றும் அவர் கண்ணாடியைத் தாண்டித்தான் போக வேண்டும். கொத்தமல்லிக் கட்டுகூடத் தப்பாது. பழைய பெட்டிகளாக இருந்தால் நடந்தே இருக்காது. ஆனால் இந்தச் செட்டு துண்டு துண்டாகப் பிரிந்து வருகிறதே, அதுதான் அதன் பெரிய சௌகரியம் என்று பிறகு புரிந்தது. சவுண்ட்பாரைக் கோரைப் பாய்க்குள் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு வந்தார் கணவர்.

“என்ன தம்பி, பாயா?”

“ஆமா சார். வெயில் காலம்ல.”

“இம்புட்டு மூச்சு வாங்குதே உங்களுக்கு.”

“நயம் கோரை சார்.”

குட்டி ஸ்பீக்கர்கள் இரண்டும் நான் ஆபீஸுக்குக் கொண்டுபோகும் சாப்பாட்டுக் கூடையில், வேலை முடிந்து திரும்புவதுபோல் வந்தன. மேற்கே எங்கள் ஊரில் இருந்து அப்பா அரிசி மூட்டை அனுப்பும் நாளாகப் பார்த்து, இன்னொரு சாக்கில் ஊஃபரைப் போட்டு, மேலே நாலு படி அரிசியைக் கொட்டிக் கட்டினோம். சார் மூட்டையைத் தட்டிப் பார்த்து, “புது அரிசியாம்மா, குழையுமே” என்றார். “இது குழையாது சார்” என்று என் கணவர் பதில் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. மாடிக் கதவைச் சாத்தியதும் மூன்று பேரும் அரிசிக்கு நடுவே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவரோடு சேர்ந்து நான் அப்படி ஒரு தப்புக் காரியம் செய்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சார் கோயிலுக்குக் கிளம்பி, கேட் கிளிக் என்று சாத்தியதும் வேலை தொடங்கியது. வயர் இல்லை என்று சொன்னவர் முதலில் வெளியே எடுத்தது ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். டிவிக்கு ஒரு வயர், செட்டாப் பாக்ஸுக்கு ஒரு வயர், சவுண்ட்பாருக்கு ஒன்று, ஊஃபருக்கு ஒன்று. ஹாலில் இருந்ததோ ஒரே ஒரு பிளக் பாயின்ட். “இதுதான் வயர் இல்லாத செட்டா?” என்று கேட்டேன். ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளத்தான் வயர் வேண்டாம், கரண்ட் குடிக்க வேண்டாமா என்றார். குட்டிகள் இரண்டுக்கு மட்டும் உண்மையிலேயே வயர் இல்லை. சவுண்ட்பாரின் இரண்டு பக்கமும் ஒட்டவைத்தால் பால் குடிக்கிற கன்றுக்குட்டி மாதிரி சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். பிறகு பிடுங்கி எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். ஒட்டவைக்க மறந்தால், படத்தின் பாதியில் ஒரு பக்கக் காது மட்டும் அடைத்துப்போகும்.

இடது குட்டி ஃபிரிட்ஜ் மேல் உட்கார்ந்தது. வலது குட்டிக்கு பீரோவின் மேல் ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கவிழ்த்து இடம் கொடுத்தோம். ஊஃபர் தரையில் இருந்தால் கீழே அதிரும் என்பதால் அதே அரிசி மூட்டையின் மேல் ஏற்றி, பெட்ஷீட் போர்த்தினோம். சோபா சுவரை விட்டு ஹாலின் நட்ட நடுவுக்கு வந்தது. சமையலறைக்குப் போகக் கோயில் பிராகாரம் சுற்றுவதுபோல் சுற்ற வேண்டும். அதிலும் நாலு திசைச் சத்தமும் சரியாக வந்து கூடுகிற இடம் ஒன்றே ஒன்றுதான், அது அவருடைய இடம். எனக்குக் கிடைத்த ஓரத்தில் உட்கார்ந்தால் வில்லன் பேசுவது ஃபிரிட்ஜ் உள்ளேயிருந்து கேட்கும்.

குறை சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். ஆனால் சித்திரையில் ஒரு மத்தியானம் நடந்ததைச் சொல்ல வேண்டும். மொட்டை மாடியில் கூழ் வத்தல் பிழிந்து காயவைத்துவிட்டு வந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவர் ஏதோ படம் போட்டிருந்தார். திடீரென்று என் முதுகுக்குப் பின்னால் சடசடவென்று மழை. முதலில் நாலு பெரிய துளி, பிறகு ஒரே கொட்டு. உள்ளுக்குள் யோசனையே ஓடவில்லை. எழுந்தேன், ஓடினேன், படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறி, ஈரம் காயாத வத்தலைத் துணியோடு வாரி மார்பில் அணைத்துக்கொண்டேன். அப்புறம்தான் கால் சுட்டது. மேலே பார்த்தேன். நீலமான நீலம், ஒரு பொட்டு மேகம் இல்லை, நடுவே சூரியன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. வத்தல் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகிவிட்டது. கோபத்தோடு கீழே வந்தவள், கதவருகே நின்று அந்த மழையை முழுக்கக் கேட்டேன். அப்படி ஒரு மழையை மதுரையில் நான் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. அன்றைக்கு அவருடைய இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் வினை வந்தது. படத்தில் யானைப் படை வந்துகொண்டிருந்தது. கீழேயிருந்து டக் டக் டக் என்று ஒட்டடைக் கம்பால் சார் கூரையைத் தட்டினார். என் கணவர் படத்தை நிறுத்துவதற்குள் படியில் செருப்புச் சத்தம். என் மகள் ஊஃபரைப் போர்த்திய பெட்ஷீட்டை நன்றாக இழுத்து மூடினாள். நான் கதவை ஒரு முகம் மட்டும் தெரிகிற அளவுக்குத் திறந்தேன்.

“மேல என்னம்மா இடிக்கிறீங்க? என் அலமாரில டம்ளரெல்லாம் ஆடுது.”

அவரே இடிக்கிறீர்களா என்று கேட்டதால் வாய் தானாகப் பதில் சொல்லிவிட்டது.

“இட்லிப் பொடி சார்.”

சாரின் முகம் மாறியது. நான் எதிர்பார்த்த மாற்றம் இல்லை.

“உரல்லயா? மிக்ஸி இல்லாம?”

“உரல்ல இடிச்சாத்தான் சார் எங்களுக்குத் தொண்டையில இறங்கும்.”

“என் வீட்லயும் அப்படித்தான் இடிப்பாம்மா. அவ போன பெறகு கடைப் பொடிதான். மண்ணைத் தின்ன மாதிரி இருக்கு. கொஞ்சம் கீழ குடுத்து விடுங்களேன்.”

கதவைச் சாத்திவிட்டு நான் பேயறைந்தவள் மாதிரி நின்றேன். எங்கள் வீட்டில் உரலே கிடையாது. இருப்பது மிக்ஸி. மிக்ஸியைப் போட்டால் அது ஊருக்கே கேட்கும், சார் காதுக்குக் கேட்காதா? என் கணவர்தான் வழி கண்டுபிடித்தார். நான் உளுந்தையும் மிளகாயையும் வறுத்து, மிக்ஸி ஜாரில் போட்டு, சமையலறைக் கதவைச் சாத்தி, ஜாரைத் துண்டால் சுற்றிக் கையால் அமுக்கிக்கொண்டு விட்டு விட்டு அடிக்க வேண்டியது. அதே நேரம் அவர் ஹாலில் யானைப் படையை மறுபடி நடக்கவிட வேண்டியது. நான் “ம்” என்றால் யானை, யானை என்றால் மிக்ஸி. சத்தத்தை மறைக்கப் பொடி போய், பொடியை மறைக்கச் சத்தம் வந்துவிட்டது. மகள் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் நின்று கையசைத்தாள்.

பொடி கீழே போனது. கிண்ணம் வெறுமனே திரும்பி வரவில்லை, அதில் முருங்கைக்காய் வந்தது. இனி அடுத்த வாரம் இடி கேட்டுவிட்டுப் பொடி போகாமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்? அதனால் சனிக்கிழமை படம் என்றால் சனிக்கிழமை பொடி என்று ஆகிவிட்டது. பாட்டுப் படமாக இருந்தால் ரசப் பொடி போதும். சண்டைப் படம் என்றால் சாம்பார் பொடி, அதற்கு இடி அதிகம் வேண்டும். ஒரு முறை என் கணவர் அணை உடைகிற படம் போட்டுத் தொலைத்தார், நான் கறிமசால் பொடியே அரைக்க வேண்டியதாயிற்று. மல்லியும் மிளகாயும் வறுத்துத் தும்மித் தும்மி எனக்கு மூக்கு சிவந்துகிடந்தது. உங்க சவுண்டுக்கு நான் தும்முறேன் என்று அவரைத் திட்டினேன். திட்டிவிட்டு, அடுத்த வாரம் என்ன படம் என்றும் நானேதான் கேட்டேன்.

சார் சும்மா இருக்கவில்லை. தன் கோயிலில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். பெண்கள் சங்கத்து அக்காமார் இரண்டு பேர் டப்பாவோடு மாடி ஏறி வந்தார்கள். உரல் எங்கே என்று எட்டிப் பார்த்தார்கள். பெட்ஷீட் போர்த்திய உருவத்தைக் காட்டி, “அந்தா, மூடி வச்சிருக்கோம்” என்றேன். ஒரு அக்கா அதைப் பார்த்துக் கும்பிடாத குறைதான்.

அந்த அக்காமார் போட்ட விதை சீக்கிரமே முளைத்தது. சார் ஒரு நாள் கேட்டருகே என்னை நிறுத்தினார்.

“அடுத்த வாரம் கோயில்ல அறுப்பின் பண்டிகைம்மா. வயல்ல வெளைஞ்சது, வீட்ல செஞ்சது எல்லாத்தையும் கொண்டாந்து படைச்சு ஏலம் விடுவோம். நீங்க உரலோட வந்து அங்கயே இடிச்சுக் குடுத்தா சனம் அள்ளிக்கிட்டுப் போகும். உரலத் தூக்க நான் ஆள் ஏற்பாடு பண்றேன்.”

“ஐயோ வேணாம் சார்,” என்றேன், “நாங்களே கொண்டு வாறோம்.”

“அந்த வாரமே நம்ம அக்ரிமெண்டும் முடியுது. பேசிக்கலாம்,” என்று சொல்லிவிட்டு அவர் பேப்பரை விரித்தார்.

எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் பொய்க்காரி, வீடு போகும். சொல்லாவிட்டால் கோயில் முன்னால் ஊஃபரில் உளுந்தைப் போட்டா இடிப்பேன்? நல்ல தண்ணீர், மேல்காற்று, பள்ளிக்கூட மணி எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்முன்னால் விடைபெற்றுப் போயின. என் கணவரைப் பிடித்து உலுக்கினேன். மறுநாளே லீவு போட்டுவிட்டு மேலூர் போனார். அந்தப் பக்கம் ரோட்டோரமெல்லாம் அம்மியும் உரலும் கொத்தி வைத்திருப்பார்கள். சாயங்காலம் சார் கோயில் வேலையாகப் போயிருப்பார், அந்த நேரம் பார்த்து உரலை ஏற்றிவிடலாம் என்பது திட்டம்.

திட்டப்படி எல்லாம் நடந்தது, சார் மட்டும் போகவில்லை. லோடு ஆட்டோ வந்து நின்றபோது முருங்கை மரத்தடியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். சவுண்ட்பாரைப் பாயில் சுற்றலாம், ஊஃபரை அரிசியில் புதைக்கலாம். கருங்கல் உரலை எதில் சுற்றுவது? டிரைவர் வேறு தெருவே கேட்க, “அண்ணே, ஒரு கை பிடிங்கண்ணே, கல்லு நசுக்கிரும்” என்றார். மூன்று பேர் சேர்ந்து இறக்கி, அதை உருட்டிக் கேட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தினோம். ஆட்டோ போய்விட்டது. சார் எழுந்து வந்து உரலைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

“என்னம்மா இது?”

“உரல் சார்.”

“தெரியுதும்மா. மேல ஏற்கனவே ஒண்ணு இருக்கே.”

என் கணவர் முந்திக்கொண்டார். “அது தேஞ்சிருச்சு சார்.”

“தேயத்தான செய்யும். வாராவாரம் அம்புட்டு இடி.”

தப்பித்தோம் என்று நான் மூச்சுவிட்ட அந்த நொடியில், மேலே எங்கள் மாடியில் இருந்து தும்... தும்... தும் என்று இடி விழுந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த என் மகள், நாங்கள் இல்லை என்ற சந்தோஷத்தில் படம் போட்டிருக்கிறாள். முருங்கை மரத்து இலையே நடுங்கியது எனக்குத் தெரிந்தது. சார் மாடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார், கடைசியாக உரலைப் பார்த்தார்.

“நீங்க ரெண்டு பேரும் இங்க நிக்கிறீங்க. உரலும் இங்க நிக்கிது. அப்ப மேல இடிக்கிறது யாரும்மா?”

பதிலுக்குக் காத்திராமல் படியேறினார். பின்னாலேயே நாங்கள் போனோம். படியேறும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே என் மகள் சோபாவில் இருந்து துள்ளி எழுந்து, “குட் ஈவினிங் சார்” என்றாள், வகுப்பில் சொல்வதுபோல் ராகத்தோடு. சார் நேராக அரிசி மூட்டையிடம் போனார், பெட்ஷீட்டைத் தூக்கினார், ஊஃபரின் தலையில் கையை வைத்தார். அது தும் என்றது.

“இதுதான் அந்தத் தேஞ்சுபோன உரலா?”

“சார், எங்களக் காலி பண்ணச் சொல்லிராதீங்க சார்,” என்றேன். அதற்கு மேல் எனக்கு மானம் ரோஷம் ஒன்றும் இல்லை. “எல்லாத்தையும் நாளைக்கே வித்துர்றோம். எங்களுக்கு இந்த வீடு வேணும்.”

அவர் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. சோபாவில் சரியாக என் கணவரின் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

“மொதல்ல அந்த மழையப் போடுங்க தம்பி.”

“எந்த மழை சார்?”

“அதான், சித்திர வெயில்ல பெஞ்சதே. மேகமே இல்லாத வானத்துக்குக் கீழ இந்தம்மா வத்தல அள்ளி அணைச்சுக்கிட்டு நின்னாங்களே. எதுத்த வரிசைக் கடைல நின்னு மாவாட்டக் குடுத்துக்கிட்டு இருந்தேன், பாத்தேன். அன்னைக்கே தெரியும். பாய்க்குள்ள என்ன வந்துச்சுன்னும் அப்பத்தான் கணக்கு நேராச்சு.”

“அப்ப ஏன் சார் இத்தன நாளும் கேக்கல?” என்று என் மகள்தான் கேட்டாள்.

“கேட்டா பொடி நின்னுபோகும்ல.” பிறகு என்னைப் பார்க்காமல், டிவியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “இதுக்கு முன்னாடி மேல இருந்தவங்க ரொம்ப நல்ல சனம். ஒரு பொட்டுச் சத்தம் கிடையாது. மேல ஆளு இருக்கா இல்லையான்னே தெரியாது. அப்படி ஒரு வீட்டுக்குக் கீழ ஒத்தையா இருந்து பாத்துட்டேன்மா. போதும்.”

என் கணவர் மழையைப் போட்டார். சார் கண்ணை மூடிக் கேட்டார். ஒரு கட்டத்தில் கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்த் தடவினார், ஈரமாகிவிட்டதா என்று பார்ப்பதுபோல். பிறகு கண்ணைத் திறந்து, நெற்றியைச் சுருக்கி, பீரோவைப் பார்த்தார்.

“வலது பக்கம் மழை கம்மியாப் பெய்யிது.”

வலது குட்டி எவர்சில்வர் டப்பா மேல் சரிந்து, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. “கோணமே தப்பு தம்பி,” என்றவர் விடுவிடுவெனக் கீழே போனார். திரும்பி வரும்போது கையில் சுத்தியலும் ஓர் ஆணியும் இருந்தன. பின்சுவரில், தானே பெயின்ட் அடித்த அந்தச் சுவரில், விரலால் உயரம் பார்த்து, நாலே அடியில் ஆணியை இறக்கினார். சிமெண்டுத் தூள் தரையில் உதிர்ந்தது. நாலாவது ஆணி. எனக்கு அழுகை வந்துவிட்டது, தூள் கண்ணில் விழுந்துவிட்டது என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அக்ரிமெண்டைப் பற்றிக் கேட்க இனி ஒன்றும் மிச்சமில்லை.

அவர் போன பிறகுதான் தெரிந்தது, அந்த ஸ்பீக்கரின் பின்னால் ஆணியில் மாட்டுவதற்கு ஓட்டையே இல்லை. ஆணி அடிக்க வேண்டாத செட்டு என்றுதானே அதை வாங்கினோம். அதை சாரிடம் சொல்கிற தைரியம் எங்கள் மூவரில் யாருக்கும் இல்லை. ஒரு கல்யாண வீட்டு மஞ்சப்பையில் ஸ்பீக்கரைப் போட்டு, முன்பக்கம் கத்தரித்துவிட்டு, அந்த ஆணியில் தொங்கவிட்டோம். இன்றைக்கும் எங்கள் வீட்டில் வலது பக்கத்து மழையெல்லாம் மஞ்சப்பைக்குள்ளிருந்துதான் பெய்கிறது.

அறுப்பின் பண்டிகைக்கு உரலோடு போய் நிஜமாகவே இடித்தேன். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. சார் ஏலம் விடுகிறவர் பக்கத்தில் நின்று, “எங்க மாடி வீட்டுப் பொடி” என்று ஒவ்வொரு பொட்டலத்துக்கும் சொன்னார். உரலை மறுபடி மாடிக்கு ஏற்ற யாருக்கும் தெம்பில்லை, அது முருங்கை மரத்தடியில் சாரின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே தங்கிவிட்டது. பேப்பரை அதன் மேல்தான் வைக்கிறார்.

போன வாரம் மகளுக்குப் பரீட்சை. சனிக்கிழமை சாயங்காலம் டிவியைப் போடவில்லை, குட்டிகள் இரண்டும் சார்ஜில் கிடந்தன. விளக்கு வைக்கிற நேரத்தில் கீழேயிருந்து டக் டக் டக் என்று ஒட்டடைக் கம்பு. பழைய பயத்தில் பதறிப்போய்ப் படியில் இறங்கினேன். படியடியில் சார் காலிக் கிண்ணத்தோடு நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, இன்னைக்கு இடிக்கலையா?”